கடுகுக்குள் இரண்டு குடும்பம்: ஊ ஜாங் சுன் போட்ட முக்கோணம்

சூடான எண்ணெயில் போட்டதும் படபடன்னு வெடிக்குமே கடுகு, அது ஒரே பரம்பரையில் வந்த செடியின் விதை இல்லை. இரண்டு வெவ்வேறு இனச் செடிகள் கலந்து உருவானது. இன்று ஜீனோம் (முழு மரபணுத் தொகுப்பு) வரிசைப்படுத்தும் இயந்திரங்கள் இதை எழுத்து எழுத்தாகப் படித்துச் சொல்கின்றன. ஆனால், 1935-லேயே நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கை முடித்தவர் ஒருவர் உண்டு. கொரியாவில் அவர் ஊ ஜாங் சுன். ஜப்பானில் நாகாஹாரு ஊ.

யார் இவர்?

1898-ல் டோக்கியோவில் பிறந்தார். அப்பா கொரிய ராணுவ அதிகாரி, அம்மா ஜப்பானியர். 1895-ல் கொரிய அரசி மியொங்சொங் படுகொலையில் தொடர்புடையவர் என்று தேடப்பட்டு, ஜப்பானுக்குத் தப்பி வந்தவர் அப்பா. 1903-ல் அவரையும் ஒரு கொரியர் கொன்றார். அப்போது பையனுக்கு வயது ஐந்துதான். வறுமை தாங்காமல் அம்மா அவனைக் கொஞ்ச காலம் ஆதரவற்றோர் இல்லத்தில் விட வேண்டியிருந்தது. ஜப்பானியப் பிள்ளைகளுக்கு அவன் கொரியன். கொரியர்களுக்குத் துரோகியின் மகன்.

எப்படியோ படித்து, 1919-ல் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் வேளாண் படிப்பை முடித்து, அரசு ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். பின்னாளில் குடும்பப் பெயர் சுனாகா என்று மாறியது. ஆனாலும் ஆய்வுக் கட்டுரைகளில் அப்பா வழி வந்த 'ஊ'வையே போட்டார்.

அந்த முக்கோணம் என்ன?

கடுகுக் குடும்பத்தில் மூன்று மூல இனங்கள். டர்னிப், வட இந்தியாவின் தோரியா எல்லாம் சேர்ந்த 'ராபா' இனத்தின் ஒரு தொகுதியில் 10 குரோமோசோம்கள். கருங்கடுகில் 8. முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இனத்தில் 9. இவை முக்கோணத்தின் மூன்று மூலைகள்.

இப்போது கூட்டிப் பாருங்க. 10-ம் 8-ம் சேர்ந்தால் 18: நம்ம தாளிப்புக் கடுகு. 10-ம் 9-ம் சேர்ந்தால் 19: கனோலா எண்ணெய் தரும் ரேப்சீட். 8-ம் 9-ம் சேர்ந்தால் 17: எத்தியோப்பியக் கடுகு. இவை மூன்றும் பக்கங்கள்.

எண்கள் பொருந்துவது தற்செயலாகவும் இருக்கலாமே? ரேப்சீடையும் ராபாவையும் கலந்தால் பிறக்கும் செடியில், 10 குரோமோசோம்கள் ஜோடி சேரும், 9 தனியாக நிற்கும். அதாவது ரேப்சீடுக்குள் ராபாவின் தொகுதி முழுசாக இருக்கிறது. மொரினாகா தோஷிதாரோவும் சகாக்களும் இப்படிப்பட்ட கலப்புகளை ஏற்கெனவே ஆராய்ந்திருந்தார்கள். ஊ அடுத்த படிக்குப் போனார். ராபாவையும் முட்டைக்கோஸ் இனத்தையும் தானே கலந்து, ரேப்சீடையே செயற்கையாக உருவாக்கிக் காட்டினார். ஓர் இனம் கிளை பிரிந்துதான் புது இனம் வர வேண்டும் என்பதில்லை. இரண்டு இனம் இணைந்தும் வரலாம் என்பதற்கு அது கண்ணெதிரே நின்ற சாட்சி. அடுத்த ஆண்டே முனைவர் பட்டம் கிடைத்தது.

கொரியா போனது ஏன்?

1937-ல் அரசு வேலையை விட்டு, கியோட்டோவின் தாகி விதை நிறுவனத்தில் சேர்ந்தார். 1945-ல் ஜப்பான் ஆட்சியிலிருந்து கொரியா விடுபட்டதும், அங்கே காய்கறி விதைக்குத் தட்டுப்பாடு. அதுவரை ஜப்பானை நம்பி இருந்த நாடு. கொரியர்கள் அழைக்க, 1950 மார்ச்சில் மனைவி மக்களை ஜப்பானிலேயே விட்டுவிட்டு புசானுக்குப் போனார். மூன்றே மாதத்தில் போர் வெடித்தது. ஆனாலும் வேலை நிற்கவில்லை. கிம்ச்சிக்கான கோஸ், முள்ளங்கி விதைகளும் நோயில்லாத விதை உருளைக்கிழங்கும் உள்நாட்டிலேயே கிடைக்க வழி செய்தார்.

1953-ல் ஜப்பானில் அம்மா இறந்துபோனார். இறுதிச் சடங்குக்குப் போக கொரிய அரசு அனுமதிக்கவில்லை. துக்கம் கேட்டு வந்தவர்கள் தந்த பணத்தில், தண்ணீருக்குத் தவித்த ஆய்வு நிலையத்தில் ஒரு கிணறு வெட்டி, அம்மாவின் நினைவாகப் பெயர் வைத்தார். 1959 ஆகஸ்ட் 10-ல் 61 வயதில் இறந்தார். அதற்குச் சில நாள் முன்புதான், மருத்துவமனைப் படுக்கையில் அரசு விருது வந்து சேர்ந்தது.

விதையில்லாத் தர்ப்பூசணியைக் கண்டுபிடித்தவர் இவர்தான் என்று கொரியாவில் ரொம்ப காலம் நம்பினார்கள். அது தப்பு. அதை உருவாக்கியவர் ஜப்பானின் கிஹாரா ஹிதோஷி. ஊ கொரியாவில் விளைவித்துக் காட்டினார், அவ்வளவுதான்.

ஜீனோம் என்ன சொன்னது?

2011-ல் ராபா, 2014-ல் ரேப்சீட், 2016-ல் தாளிப்புக் கடுகு என ஜீனோம்கள் வரிசையாக வெளிவந்தன. முக்கோணம் அசையவில்லை. ரேப்சீடுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருந்தன. இரண்டு பெற்றோரின் தொகுதிகளும் பெரும்பாலும் அப்படியே அருகருகே வேலை செய்கின்றன. அந்தக் கலப்பு நடந்து சுமார் 7,500 ஆண்டுகள்தான் ஆகின்றன என்றும் கணக்கிட்டார்கள்.

இதனால் விவசாயிக்கு என்ன? இளம் இனம் என்பதால் ரேப்சீடில் மரபணு வகைகள் குறைவு. புது நோய் வந்தால் தாங்காது. அதனால் விதை ஆய்வாளர்கள், 1930-களில் ஊ செய்ததையே திரும்பச் செய்கிறார்கள். ராபாவையும் முட்டைக்கோஸ் இனத்தையும் மறுபடி கலந்து, வேரில் கட்டி விழும் நோயைத் தாங்கும் மரபணுக்களை எண்ணெய்ப் பயிருக்குக் கொண்டுவருகிறார்கள்.