அரசு அனுப்பிய நீதிபதி. அரசு ஏற்காத தீர்ப்பு

புது தில்லி: ஜப்பான் பிரதமராக இருந்த ஷின்சோ அபே, 2007 ஆகஸ்டில் நமது நாடாளுமன்றத்தில் உரையாற்றியபோது வங்காள நீதிபதி ஒருவரின் பெயரை மிகுந்த மரியாதையுடன் குறிப்பிட்டார். மறுநாள் கொல்கத்தா சென்று அந்நீதிபதியின் மகனையும் சந்தித்தார். அவையில் இருந்த உறுப்பினர்களில் எத்தனை பேருக்கு அப்பெயர் அறிமுகமாகியிருக்கும் என்பது ஐயமே. ராதாபினோத் பால் ஜப்பானில் போற்றப்படும் அளவுக்குத் தாய்நாட்டில் அறியப்பட்டவர் அல்லர்.

1886 ஜனவரி 27-இல் அன்றைய நதியா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், இன்றைய வங்கதேசத்தின் குஷ்டியா பகுதியில், ஏழைக் குடும்பத்தில் பிறந்தார் பால். கணிதம் பயின்று, மைமன்சிங் நகரின் ஆனந்த மோகன் கல்லூரியில் கணித ஆசிரியரானார். பின்னரே சட்டத்தின் பக்கம் திரும்பினார். சட்டத்தில் முனைவர் பட்டம், சட்டக் கல்லூரிப் பேராசிரியர் பணி, 1941 முதல் 1943 வரை கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி பதவி, 1944 முதல் 1946 வரை பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவி என்று அமைந்த வாழ்க்கை அது. டோக்கியோவிலிருந்து அழைப்பு வராதிருந்தால் அவர் பெயர் கல்கத்தா வழக்கறிஞர் வட்டாரத்தைத் தாண்டியிருக்காது.

அந்த அழைப்பு எளிதில் வந்ததல்ல. ஜப்பானியத் தலைவர்களை விசாரிக்க அமைக்கப்பட்ட சர்வதேச ராணுவத் தீர்ப்பாயத்தில், சரணாகதி ஆவணத்தில் கையெழுத்திட்ட 9 நாடுகளுக்கு மட்டுமே முதலில் இடம் ஒதுக்கப்பட்டது. மலேயாவிலும் பர்மாவிலும் போரிட்டு மடிந்தவர்களில், போர்க் கைதிகளாகி வதைபட்டவர்களில் இந்தியர்கள் ஏராளம். எனவே இந்தியாவுக்கும் ஓர் இருக்கை வேண்டும் என்று தில்லி வற்புறுத்தியது. வாஷிங்டனில் இந்தியப் பிரதிநிதியாக இருந்த கிரிஜா சங்கர் பாஜ்பாய் இதற்காகப் பிடிவாதமாக வாதாடினார். 1946 ஏப்ரலில் தீர்ப்பாயத்தின் சாசனம் திருத்தப்பட்டு இந்தியாவும் பிலிப்பின்ஸும் சேர்க்கப்பட்டன. நேதாஜியின் படையினரைச் செங்கோட்டையில் விசாரித்த அதே ஆங்கில அரசுதான் இந்தக் கோரிக்கையையும் வைத்தது என்பது வரலாற்றின் வேடிக்கை.

மே மாதம் விசாரணை தொடங்கிய பிறகே பால் டோக்கியோ போய்ச் சேர்ந்தார். இந்தியாவின் சார்பில் குற்றம் சாட்டும் தரப்பில் அமர்ந்தவர் சென்னையின் அரசு வழக்கறிஞர் பி. கோவிந்த மேனன், பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியானவர். ஆக, குற்றம் சாட்டுவோர் வரிசையில் ஓர் இந்தியர்; அக்குற்றச்சாட்டுகளை அடியோடு ஏற்க மறுக்கப்போகிற இந்தியர் நீதிபதிகள் வரிசையில்.

1948 நவம்பரில் தீர்ப்பு வந்தது. 25 பேர் குற்றவாளிகள், முன்னாள் பிரதமர் டோஜோ உள்பட 7 பேருக்குத் தூக்கு என்றது பெரும்பான்மை. 11 நீதிபதிகளில் வேறு சிலரும் மாறுபட்டனர் என்றாலும், அனைவரையும் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவிக்க வேண்டும் என்று எழுதியவர் பால் ஒருவரே. அமர்வுகளுக்குப் பல நாள்கள் வராமல் இம்பீரியல் ஹோட்டல் அறையில் அமர்ந்து அவர் எழுதிய அத்தீர்ப்பு 1,235 பக்கங்கள் கொண்டது. நீதிமன்றத்தில் அது வாசிக்கப்படவில்லை; ஆக்கிரமிப்புக் காலம் முடியும்வரை ஜப்பானில் வெளியிடப்படவும் இல்லை.

ஆக்கிரமிப்புப் போர் தொடுப்பது அன்றைய சர்வதேசச் சட்டத்தில் குற்றமாக இருக்கவில்லை. செயல் முடிந்த பின் சட்டம் செய்து தண்டிப்பது வென்றவர் தோற்றவர் மீது தீர்க்கும் பழியாகுமே அன்றி நீதியாகாது என்பதே அவரது வாதத்தின் சாரம். ஆசியாவை அடிமைப்படுத்திய நாடுகள் ஆக்கிரமிப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதை அவர் ஏற்கவில்லை. அணுகுண்டு வீசியவர்களை யார் விசாரிப்பது என்ற கேள்வியையும் தவிர்க்கவில்லை.

மறக்கப்பட்ட பக்கங்கள்: பாலைக் கொண்டாடுவோர் பெரும்பாலும் சொல்லாமல் விடும் பகுதி ஒன்று உண்டு. நான்ஜிங் கொடுமைகளை அவர் மறுக்கவில்லை. மிகைப்படுத்தலைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அவை நடந்ததற்குச் சான்றுகள் வலுவானவை என்றே எழுதினார். களத்தில் கொடுமை இழைத்தவர்கள் வேறு நீதிமன்றங்களில் தண்டிக்கப்பட்டுவிட்டனர், டோக்கியோவில் கூண்டில் நின்ற தலைவர்கள் அவற்றுக்கு ஆணையிட்டதாக நிரூபிக்கப்படவில்லை என்பதே அவர் நிலை.

இங்குதான் நெருடல். சயாம்-பர்மா ரயில் பாதைக்குப் போர்க் கைதிகளைப் பயன்படுத்தியதற்கு டோஜோ பொறுப்பு என்று ஒப்புக்கொண்ட பால், அதை அரசின் செயலாகக் கருதித் தனிமனிதக் குற்றமாக ஏற்க மறுத்தார். அதே பாதைக்கு மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்டுத் திரும்பாத தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளம். காலனி ஆதிக்கத்தின் போலித்தனத்தைக் கண்ட கூர்மையான கண்ணுக்கு, அந்தக் காட்டில் மாண்ட ஆசியர்கள் ஏனோ போதிய அளவு தெரியவில்லை.

சுதந்திர இந்தியாவின் அரசுக்கு இத்தீர்ப்பு தர்மசங்கடமாயிற்று. 1946 இறுதியில் ஐ.நா. பொதுச் சபையில் இனப்படுகொலையைச் சர்வதேசக் குற்றமாக அறிவிக்கும் தீர்மானத்தை கியூபா, பனாமாவுடன் சேர்ந்து முன்மொழிந்த நாடு இந்தியா. பாலின் கருத்துகள் பலவற்றில் அரசுக்கு உடன்பாடில்லை என்பதை மேற்கு வங்க ஆளுநர் கைலாஷ் நாத் கட்ஜுவுக்கு எழுதிய கடிதத்தில் நேரு தெளிவுபடுத்தினார். ஆயினும் மரண தண்டனைகளைக் குறைக்கலாம் என்றே இந்தியத் தரப்பு கூறியது. அது ஏற்கப்படவில்லை, டிசம்பர் 23-இல் எழுவரும் தூக்கிலிடப்பட்டனர்.

பாலை தில்லி ஒதுக்கிவிடவும் இல்லை. 1952 முதல் 1966 வரை ஐ.நா. சர்வதேசச் சட்ட ஆணையத்தில் உறுப்பினராக இருந்தார். இருமுறை தலைமையும் வகித்தார். அன்று இல்லை என்று அவர் சொன்ன சட்டத்தை எழுதும் இடம் அது. 1959-இல் பத்ம விபூஷண் வழங்கப்பட்டது. இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கைக்கு இந்தியா ஒப்புதல் அளித்ததும் அதே ஆண்டில்தான். ஆனால், தனது சம்மதமின்றி எந்தத் தகராறும் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போகக்கூடாது என்ற நிபந்தனையுடன்.

1966-இல் ஜப்பான் பேரரசரின் உயரிய விருதைப் பெற்ற பால், 1967 ஜனவரி 10-இல் கல்கத்தாவில் காலமானார். தூக்கிலிடப்பட்ட எழுவரையும் 1978-இல் வழிபாட்டுக்குரியோர் பட்டியலில் சேர்த்த டோக்கியோ யாசுகுனி ஆலயத்தின் வளாகத்தில், 2005-இல் அவருக்கு நினைவுக்கல் நாட்டப்பட்டது.