கடலோரத்து மேடை

அடையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்குத் தெற்கே, ஊரூர் ஒல்காட் குப்பத்தில் மீனவர் வாழ்கின்றனர். பிரம்மஞான சபையை நிறுவியோருள் ஒருவரான கர்னல் ஒல்காட்டின் பெயர் அக்குப்பத்தின் பெயரில் நிலைத்துவிட்டது. குப்பத்தை அடுத்து விரிந்து கிடக்கும் சபையின் தோப்பில், 1935 டிசம்பரில் நடந்த வைரவிழா மாநாட்டில், பல நாட்டுப் பிரதிநிதிகளின் முன்னிலையில் ருக்மிணி தேவி சதிர் ஆடினார். அந்தணர் குலத்துப் பெண் ஒருத்தி சதிர் ஆடுவதை நகரம் எண்ணிப் பார்க்கவும் தயங்கிய காலம் அது.

அவர் மதுரையில் 1904-இல் பிறந்தவர். தந்தை நீலகண்ட சாஸ்திரி பொறியாளர், பிரம்மஞானக் கொள்கையினர். 1920-இல் ஜார்ஜ் அருண்டேலை மணந்தபோதே ஊரார் பழிப்புக்கு அஞ்சாத நெஞ்சம் அவருக்கு வாய்த்திருந்தது. உருசிய நடனமணி அன்னா பாவ்லோவாவின் நட்பே அவரைத் தாய்நாட்டுக் கலையின் பக்கம் திருப்பிவிட்டது.

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் நாடுகள் பலவும் தம் முகத்தை மேடையில் தேடின. ஐரோப்பியத் திறந்தவெளிகளில் ஆயிரக்கணக்கானோர் கூடி நடிக்கும் பெருங்காட்சிகள் எழுந்தன. தமிழகத்தில் விசுவநாத தாஸ் நாடக மேடையிலேயே விடுதலைப் பாட்டுகளைப் பாடிச் சிறை சென்றார். ருக்மிணி தேவியோ முழக்கத்தை நாடாமல் மரபை நாடினார். தேவதாசி ஒழிப்பு இயக்கம் வலுப்பெற்றிருந்த வேளையில், சதிரைக் காக்க இ. கிருஷ்ணய்யர் போராடிக்கொண்டிருந்தார். அச்சதிரே பரதநாட்டியம் என்ற பெயரோடு தேசத்தின் கலையாகத் தலைநிமிர்ந்தது.

1936-இல் கலாக்ஷேத்ரா பிறந்தது. ஆடுபவரின் பின்னே நின்ற இசைக்குழு பக்கத்தில் அமர்ந்தது. ஒளியமைப்பும் உடையும் புதுமை பெற்றன. 1944-இல் குற்றாலக் குறவஞ்சி நாட்டிய நாடகமாயிற்று. பின்னர் இராமாயணம் ஆறு பகுதிகளாக அரங்கேறியது. 1962-இல் அந்நிறுவனம் திருவான்மியூரில் தனக்கென ஒரு வளாகத்தில் குடியேறியது.

ஆயினும் இக்கலையை அவருக்கு அளித்தவர்கள் மயிலாப்பூர் கௌரி அம்மாளும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் ஆவர். ஆட்டம் கௌரவம் பெற்றது; அதனைத் தலைமுறைதோறும் காத்த குலத்துப் பெண்களோ மெல்ல மேடையை விட்டு அகன்றனர். சிருங்காரத்தைக் களைந்து கலையைத் தூய்மை செய்வதாகக் கருதிய போக்கைப் பாலசரஸ்வதி ஏற்கவில்லை. சிருங்காரமே அபிநயத்தின் உயிர் என்பது அவர் கொள்கை. அவ்வழக்கு இன்றும் தீரவில்லை. மீட்டவர் என்று ஒரு சாராரும், கைமாற்றியவர் என்று மறுசாராரும் ருக்மிணி தேவியைக் கூறுவர். இரண்டிலும் உண்மை உண்டு.

1977-இல் குடியரசுத் தலைவர் பதவி தேடிவந்தபோது அதை மறுத்தவர், 1986-இல் மறைந்தார். அவர் ஆடிய தோப்புக்கும் மீனவர் குடிசைகளுக்கும் இடையே இருந்த தொலைவு மிகச் சிறிது. அதைக் கடக்கக் கலைக்கு எண்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. 2015-இல் ஊரூர் ஒல்காட் குப்பத்தில் விழா எடுக்கப்பட்டு, கருநாடக இசையும் நாட்டார் கலைகளும் ஒரே மேடையில் ஒலித்தன. தேசத்தின் கலை எனப்படுவது யாருடைய முற்றத்தில் ஆடப்படுகிறது என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வியே.