ஆடற்பணி செய்த பாலசரஸ்வதி அம்மையார்

சிவபெருமானுடைய திருக்கோலங்கள் பலவற்றுள்ளும் தமிழ்மக்கள் உள்ளத்தை முழுதும் ஆட்கொண்டது ஆடவல்லானாகிய திருக்கோலமே. உடுக்கையில் படைப்பும், அமைந்த கையில் காப்பும், ஏந்திய தீயில் அழிப்பும், ஊன்றிய திருவடியில் மறைப்பும், எடுத்த பொற்பாதத்தில் அருளும் விளங்குகின்றன என்பது சைவசித்தாந்தம். அவ்வாடல் தனியாடல். ஒருவனாய் நின்று, உலகனைத்தையும் தன்னுள் அடக்கி ஆடுகின்றான் பெருமான். ஒருவரே அரங்கில் நின்று, தலைவியாய், தோழியாய், தாயாய், அடியவராய்ப் பலராக மாறி ஆடும் நம் நாட்டுத் தனியாடற் கலைக்கு அத்திருக்கூத்தே மூலம் என்று பெரியோர் கொண்டது பொருத்தமேயாகும்.

வெள்ளாற்றங்கரையில் திட்டக்குடித் தலத்தில் எழுந்தருளியிருக்கும் வைத்தியநாதப் பெருமானை வழிபடும் அன்பர்கட்கு இக்கலையின் சிறப்பை எடுத்துரைத்தல் மிகையாகாது. அப்பரடிகள் சூலக்குறியும் இடபக்குறியும் பெற்ற பெண்ணாகடமும், ஞானசம்பந்தப் பெருமான் முத்துச்சிவிகை பெற்ற திருநெல்வாயில் அரத்துறையும் நமக்கு அணித்தே உள்ளன. திருமுதுகுன்றமாகிய விருத்தாசலத்துக் கோபுரவாயிலில் நுழைவார், இருமருங்கும் கரணச் சிற்பங்கள் ஆடி நிற்பதைக் காணலாம். தில்லைக் கோபுரங்களில் 108 கரணங்களும் கல்லிலே உள்ளன.

எனினும் கல் தானே ஆடாது. தஞ்சைப் பெரியகோயில் விமானத்தின் உள்ளே மேல்நிலையில் 81 கரணங்களைச் செதுக்கிய சிற்பிகள், எஞ்சிய 27 இடங்களை வெறுங்கல்லாகவே விட்டுச் சென்றனர். ஆயிரம் ஆண்டுகளாக அவை அவ்வாறே நிற்கின்றன. கல்லில் குறை நேரின் அது காத்திருக்கும். உடலிலும் மூச்சிலும் நிற்கும் ஆடலோ, ஒரு தலைமுறை மறந்தால் மறைந்தேபோம். அங்ஙனம் மறைய இருந்த ஆடலைத் தம் ஒருவர் உடலிலே தாங்கி, அடுத்த தலைமுறையின் கையிற் சேர்த்தவர் தஞ்சாவூர் பாலசரஸ்வதி அம்மையார். அவர் வரலாற்றைச் சுருக்கமாக இங்கே எழுதப் புகுகின்றோம்.

மரபு

பாலசரஸ்வதி அம்மையார் 1918ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள் சென்னையிலே பிறந்தார். தஞ்சை அரசவையில் இசையும் ஆடலும் வளர்த்த பழங்குடி அவருடையது. அவர்தம் பாட்டியார், வீணை என்னும் சொல்லைத் தம் பெயரோடு பிரியாது பெற்ற தனம்மாள். வெள்ளிக்கிழமை மாலைதோறும் அவர் இல்லத்தில் வீணை ஒலிக்கும். சென்னையிலிருந்த பெரும்புலவர்களும் பாடகர்களும் அங்கே சென்று, பேச்சின்றி அமர்ந்து கேட்பர். தாயார் ஜயம்மாள் இசையில் வல்லவர். தம்பியருள் ரங்கநாதன் மிருதங்கத்திலும், விசுவநாதன் புல்லாங்குழலிலும் பிற்காலத்தில் பெரும்புகழ் எய்தினர்.

இவ்வில்லத்தில் காக்கப்பட்ட செல்வம் பதங்களாகும். தெலுங்கில் சேத்ரக்ஞர் இயற்றியனவும், தமிழில் கனம் கிருஷ்ணையர் முதலியோர் இயற்றியனவும் அங்கே வாய்வழியாகவே வந்தன. கனம் கிருஷ்ணையர் வெள்ளாற்றுக்குத் தெற்கேயுள்ள உடையார்பாளையம் அரண்மனையில் ஆதரிக்கப்பெற்றவர் என்பதை நம் பகுதியினர் பெருமையுடன் நினைவுகூரலாம். நம் ஆற்றின் மறுபுறத்தே பிறந்த பாடல்கள், சென்னையில் ஒரு வீட்டின் கூடத்திலே உயிரோடு இருந்தன. பின்னர் அக்குடியிற் பிறந்த பெண் ஒருத்தியின் முகத்திலும் விழியிலும் விரலிலும் ஏறி உலகெங்கும் சென்றன.

பயிற்சி

தனம்மாளும் ஜயம்மாளும் இசையிலேயே நின்றவர்கள். அக்குடும்பத்தில் ஆடல் சில தலைமுறையாக ஓய்ந்திருந்தது. ஆடல்மகளிரை உலகம் இகழ்ந்து பேசத் தொடங்கிய காலமும் அது. அத்தகைய காலத்தில் சிறுமியாகிய பாலசரஸ்வதிக்கு ஆடலின்மேல் அடங்கா வேட்கை எழுந்தது. மயிலைக் கபாலீச்சரத்தில் ஆடற்பணி செய்த கௌரி அம்மாளின் அபிநயத்தைக் கண்டு அவ்வேட்கை வளர்ந்தது. உறவினர் தயக்கத்தைப் பொருட்படுத்தாது தாயார் இசைந்தார். பின்னாளில் மகள் ஆடத் தாமே அரங்கில் அமர்ந்து பாடினார்.

ஆசிரியராக வாய்த்தவர் கந்தப்ப பிள்ளை. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வர் வழிவந்த நட்டுவனார் அவர். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என இன்று உலகெங்கும் வழங்கும் ஆடல்முறையை வகுத்தவர்கள் அந்நால்வரே. கந்தப்ப பிள்ளையின் கண்டிப்பு பெயர்பெற்றது. விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளை அறிந்த நம்மவர்க்கு அதனை விளக்க வேண்டுவதில்லை. குழைந்த மண் அழகிய உருப்பெறுவது கையால். அவ்வுருவம் நிலைபெறுவதோ சூளையின் வெப்பத்தால். அவ்வெப்பத்தில் வெந்த கலை அம்மையாருடையது. 1925ஆம் ஆண்டில், ஏழாம் வயதில், காஞ்சிமாநகரில் அம்மன் சந்நிதியிலே அவர் அரங்கேற்றம் நிகழ்ந்தது.

அதன்பின் கௌரி அம்மாளிடமும், வேதாந்தம் லட்சுமிநாராயண சாஸ்திரியாரிடமும் அபிநயத்தின் நுட்பங்களை விரிவாகக் கற்றார். ஒரே அடியைப் பன்முறை பாடும்போது, பாடுந்தோறும் புதுப்பொருள் தோன்றக் காட்டுவது அவருக்குக் கைவந்தது. தாமே பாடிக்கொண்டு ஆடும் பழைய முறையையும் அவர் விட்டாரல்லர். 1934ஆம் ஆண்டில் கல்கத்தாவில் நடைபெற்ற இசை மாநாட்டில் ஆடித் தென்னாட்டு ஆடலின் மேன்மையை வடநாட்டார்க்கு உணர்த்தினார். அப்பொழுது அவருக்கு வயது 16.

சோதனைக் காலம்

இங்கே ஒரு வரலாற்றை நடுநிலையோடு சொல்லவேண்டும். சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம், பிற்காலத்தில் பெண்கள் பலரைத் துன்பத்தில் ஆழ்த்தியது. அதனை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியாரும், அக்குலத்திலேயே தோன்றிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் அரும்பாடுபட்டனர். 1947ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் அவ்வழக்கத்தை ஒழிக்கும் சட்டம் பிறந்தது. பெண்மக்களின் விடுதலைக்காக எழுந்த அம்முயற்சி போற்றத்தக்கதே.

ஆயின், களையைப் பறித்த கை பயிரையும் சேர்த்துப் பறித்தது. தீய வழக்கத்தோடு ஆடலும் கோயிலைவிட்டு வெளியேறிற்று. தலைமுறை தலைமுறையாக அதனைக் காத்த குடும்பத்தார், தம் கலையைச் சொல்லவும் நாணும் நிலை உண்டாயிற்று. ஆடலோ, 1930களில் பரதநாட்டியம் என்னும் பெயரேற்று, பிற குடும்பத்துப் பெண்களிடையே மதிப்புடன் பரவலாயிற்று. கலைக்கு வாழ்வு வந்தது. கலையைக் காத்தவர்களுக்கு வரவில்லை. திருவாரூரில் பதியிலார் குலத்தில் தோன்றிய பரவையாரை, கயிலையில் உமையம்மைக்குப் பணிசெய்த கமலினியாரே என்று போற்றிய பெரியபுராணத்தை ஓதும் நாம், இந்த அநீதியை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அக்காலத்துத் துயரமெல்லாம் அம்மையார்மேல் ஒருங்கே விழுந்தது. 1940களின் தொடக்கத்தில் ஆசிரியர் கந்தப்ப பிள்ளை மறைந்தார். உடல்நலம் குன்றிற்று. ஆடும் வாய்ப்புகள் அருகின. அந்நாளில் அவர் திருத்தணிகைக்குச் சென்று, முருகப்பெருமான் திருமுன்னர், காண்பார் எவருமின்றித் தனித்து ஆடி முறையிட்டார் என்று அவர் வரலாறு உரைப்பர். கைதட்டுவாரும் பரிசளிப்பாரும் இல்லாத இடத்தில், பெருமான் ஒருவனே காண நிகழ்ந்த ஆடல் அது. சின்னாளில் டாக்டர் வே. இராகவன் அவர்களிடமிருந்து ஆடுமாறு அழைப்பு வந்ததென்றும், அது முருகன் தந்த விடையென்றே அம்மையார் கொண்டனரென்றும் கூறுவர். அன்பர் உள்ளம் இதனை எளிதில் உணரும்.

1953ஆம் ஆண்டில், சங்கீத வித்வத் சபையாகிய சென்னை மியூசிக் அகாடமியின் ஆதரவில் நடனப்பள்ளி தொடங்கி, அம்மையார் ஆசிரியராக அமர்ந்தார். கந்தப்ப பிள்ளையின் புதல்வர் கணேசன் நட்டுவாங்கம் செய்து துணைநின்றார். அறுந்துபோக இருந்த நூல் மீண்டும் முடியப்பட்டது.

அகப்பொருளும் அருட்பொருளும்

ஆடலைத் தூய்மை செய்யப் புகுந்தோர் சிலர், தலைவி தலைவனை எண்ணி உருகும் காதற்பதங்களைக் குறைத்துவிட வேண்டும் என்றனர். அம்மையார் அதற்கு இசைந்தாரல்லர். சிருங்காரம் என்பது பக்தியின் பகையன்று. பக்தி கனியும் இடமே அது என்பது அவர் கொள்கை. பதத்தில் வரும் பிரிவும் ஏக்கமும் ஊடலும், உயிர் இறைவனை நாடி நிற்கும் நிலைகளே என்று கொண்டு அவர் ஆடினார்.

சைவர்களாகிய நமக்கு இது புதிதன்று. மணிவாசகப் பெருமான் திருவாசகத்தோடு நில்லாது, 400 துறைப்பாடல்களால் திருக்கோவையாரை அகப்பொருள் நூலாகவே அருளினார். அடியேன் திருமடத்தில் பயின்ற நாளில், அந்நூலை முதலில் இலக்கணமாகவும் பின்னர் அருள்நூலாகவும் இருமுறை பாடங்கேட்டோம். முதன்முறை கேட்டபோது காதலாகத் தோன்றியதே, மறுமுறை கேட்டபோது உயிரின் வேட்கையாகத் தோன்றிற்று. சொல் மாறவில்லை; கேட்போர் பக்குவம் மாறிற்று. அதுபோல, ஆடலின் குறை பாடலில் இல்லை. ஆடுவார் உள்ளத்திலும் காண்பார் உள்ளத்திலுமே உள்ளது. இதனை அம்மையார் வாதத்தால் நிறுவியதினும் ஆடலால் நிறுவியதே பெரிது.

ஆடலே ஆலயம்

1975ஆம் ஆண்டு தமிழிசைச் சங்கத்தின் மாநாட்டுக்கு அம்மையார் தலைமை தாங்கினார். இசைப்பேரறிஞர் என்னும் பட்டமும் பெற்றார். அவ்வமயம் அவர் ஆடல் நிகழ்ச்சியின் முறையைத் திருக்கோயிலின் அமைப்போடு ஒப்பிட்டுக் காட்டியது, குடமுழுக்குக் காணும் அன்பர்கள் யாவரும் அறியத்தக்கது.

அலாரிப்பு கோபுரவாயில். ஜதிஸ்வரம் அர்த்தமண்டபம். சப்தம் அடுத்த பெருமண்டபம்; அங்கேதான் ஆடலோடு சொல் முதன்முதலாகச் சேர்கின்றது. வர்ணம் இறைவன் எழுந்தருளிய திருவிடத்தை அடைவது. இசையும் தாளமும் பாவமும் அங்கே முழுமை பெறுகின்றன. பதங்கள், புறத்து ஒலி அடங்க, கருவறையை அணுகிக் குளிர்ந்த அமைதியில் நிற்கும் நிலை. தில்லானா, மணியும் முழவும் முழங்கக் கற்பூர ஒளி காட்டும் வேளை. இறுதியில் வரும் விருத்தமோ, வெளியே கண்ட பெருமானை அடியவர் தம் நெஞ்சகத்தே கொண்டு திரும்புவது.

கோயிற்கதவம் ஆடலுக்கு அடைக்கப்பட்டபோது, கோயிலையே ஆடலுக்குள் வைத்துக் காத்தவர் அம்மையார். மரப்பலகை மேடையிலும், கடல்கடந்த நாட்டு மண்டபங்களிலும், அவர் ஆடிய இடமெல்லாம் கோபுரமும் மண்டபமும் கருவறையும் எழுந்தன.

அவரை நாடு பலவாறு சிறப்பித்தது. 1955இல் சங்கீத நாடக அகாதெமி விருதும், 1957இல் பத்மபூஷணும், 1977இல் பத்மவிபூஷணும் பெற்றார். 1961இல் டோக்கியோவிலும், 1962இல் அமெரிக்க நாட்டிலும், 1963இல் எடின்பரோ விழாவிலும் ஆடினார். 1973இல் மியூசிக் அகாடமியார் அவருக்குச் சங்கீத கலாநிதிப் பட்டம் அளித்தனர். இசைவாணர்க்கே உரிய அப்பட்டத்தை ஆடற்கலைஞர் ஒருவர் பெற்றது அதுவே முதன்முறை. வங்கத்துத் திரைப்படமேதை சத்தியஜித் ராய் 1976இல் அவர் ஆடலைப் படமாக்கினார். 1984ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள், தம் 65ஆம் வயதில், அம்மையார் இறைவன் திருவடி எய்தினார். அவர் புதல்வி லட்சுமி அவ்வாடலை ஆடியும் கற்பித்தும் 2001ஆம் ஆண்டுவரை வாழ்ந்தார்.

அன்பர்கள் கடமை

இவ்வரலாறு திருப்பணி செய்யும் செல்வர்க்கு உணர்த்துவது ஒன்றுண்டு. இராசராச சோழப் பெருவேந்தன் தஞ்சைப் பெரியகோயிலைக் கட்டியதோடு நின்றானல்லன். 400 தளிச்சேரிப் பெண்டுகளை அழைத்து, தலைக்கு ஒரு வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல் வருவாயுள்ள ஒரு பங்கும் வைத்தான். நட்டுவர்க்கும் இசைப்போர்க்கும் முழக்குவோர்க்கும் பங்கு வகுத்தான். ஒருவர் இறப்பின், தகுதியுடைய உறவினர் அப்பணியை ஏற்கவேண்டும். தகுதியுடையார் இல்லையேல் தக்காரைத் தெரிந்து அமர்த்தவேண்டும் என்றும் கல்லில் வெட்டுவித்தான். கற்றளி தானே நிற்கும். கலையோ சோறிட்டால்தான் நிற்கும் என்பதை அறிந்த அரசன் அவன்.

திருக்கோயிலுக்கு 12 ஆண்டுகட்கு ஒருமுறை அட்டபந்தனம் சாத்திக் குடமுழுக்குச் செய்கின்றோம். கல்லே புதுக்கப்பட வேண்டுமாயின், கலை புதுக்கப்பட வேண்டாவா? தில்லையில் 1981ஆம் ஆண்டு முதல் மகாசிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி தொடங்கியது. இத்தகைய வழிபாடு பெருந்தலங்கட்கு மட்டும் உரியதன்று. சிவராத்திரியிலோ, ஆதிரைத் திருநாளிலோ, நவராத்திரியிலோ ஒரு மாலை நம் மண்டபத்திலும் ஆடல் நிகழ்தல் கூடும். ஆடும் சிறுமிக்கு மட்டுமன்றி, நட்டுவனார்க்கும், பாடுவார்க்கும், மிருதங்கம் வாசிப்பார்க்கும் மனமுவந்து சன்மானம் அளித்தல் வேண்டும். அவ்வாறே, மாரியம்மன் திருவிழாவில் தலைமேற் கரகமேந்தித் தெருவில் தனித்தாடும் கலைஞரையும் வேடிக்கைப்பொருளாகக் கருதாது, மரபு காக்கும் தொண்டராக மதித்தல் வேண்டும். அவர் கலைக்கும் ஏடு இல்லை, கல் இல்லை. அவர் உடலே அதற்குக் கோயில்.

கலசத்திற்குப் பொன் அளித்த கைகள், கலைக்கும் நெல் அளிக்கட்டும். பாலசரஸ்வதி அம்மையார் திருத்தணியில் எவரும் காணாது ஆடினார். இனி ஆடும் பெண்மக்கள், ஊரார் அனைவரும் கண்டு கைகூப்ப, இறைவன் திருமுன்னர் தலைநிமிர்ந்து ஆடுவாராக. வைத்தியநாதப் பெருமான் திருவருள் அதற்குத் துணைநிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.