லின்னேயசு டிரைப்

லின்னேயசு டிரைப் (ஏப்ரல் 14, 1822 – மார்ச் 2, 1902) சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராகப் பணியாற்றிய ஆங்கிலேயப் படை அலுவலர் ஆவார். மதுரை, தஞ்சாவூர், திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை ஆகிய ஊர்களின் தொடக்க கால ஒளிப்படங்கள் பல இவர் எடுத்தவை.

வாழ்க்கை

இங்கிலாந்தின் டெவன்போர்ட் நகரில் பிறந்த இவர், இளமையிலேயே கிழக்கிந்தியக் கம்பனியின் சென்னைப் படையில் சேர்ந்தார். விடுப்பில் தாயகம் சென்றிருந்தபோது ஒளிப்படக் கலையைக் கற்றார். 1854 இறுதியில் அளேபீடு, பேலூர் கோயில்களைப் படமெடுத்தார். 1855 இல் பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவில் இடம்பெற்றார். 1856 இல் மாகாண அரசு இவரை ஒளிப்படக் கலைஞராக நியமித்தது.

படம் கழுவிய முறை

டிரைப் பெரும்பாலும் தாள் எதிர்ப்படங்களையே பயன்படுத்தினார். மெல்லிய தாளில் மெழுகேற்றி, அயோடைடு கரைசலில் ஊறவைத்து உலர்த்த வேண்டும். பின்னர் இருட்டில் வெள்ளி நைத்திரேட்டுக் கரைசலில் நனைத்தால் தாள் ஒளியை உணரும். படம் எடுத்தபின் காலிக் அமிலத்தில் இட, உருவம் மெல்ல மெல்லத் தோன்றும். இதற்குச் சில மணி நேரமும் ஆகலாம். இறுதியில் ஐப்போவில் இட்டு நிலைநிறுத்தி நீரில் அலசினர். பிற்காலக் கறுப்பு வெள்ளைப் படச்சுருளைக் கையால் கழுவும் முறையிலும் இதே வரிசைதான். உருத்துலக்கும் வேதிப்பொருள் மாறியது, ஐப்போ மாறவில்லை. வெப்பம் மிகுந்தால் கரைசல் விரைந்து வினைபுரிந்து தாளில் கறை படியும். இவரது பணிக்கூடம் அமைந்திருந்த பெங்களூரின் குளிர்ச்சி இவ்வேலைக்கு ஏற்றது. ஆனால் பயணத்தில் அந்த வசதி இல்லை.

அக்காலத் தாள் நீல ஒளியை மிகுதியாக உணர்ந்ததால் வானம் வெறுமையாகவே பதிந்தது. ஆகவே டிரைப் எதிர்ப்படத்தின் மீது தூரிகையால் முகில்களை வரைந்தார். அவரது பல படங்களில் காணப்படும் முகில்கள் அன்றைய வானிலையைக் காட்டுவன அல்ல.

தென்னகப் பயணம்

1857 திசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டு, வேதிப்பொருட்களையும் கருவிகளையும் மாட்டுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு 1858 கோடை வரை பயணம் செய்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் நீண்டு செல்லும் கல்வெட்டை 21 எதிர்ப்படங்களாக எடுத்து, அச்சுகளை ஒட்டிச் சேர்த்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். ஒன்று கறைபட்டாலும் தொடர் அறுந்துவிடும் என்பதை நோக்க, இது அரிய செயல் எனலாம். இக்கோயிலின் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அச்சேறத் தொடங்கியது 1891 இல்தான். மதுரைக்கு நான்கு பகுதிகள் ஒதுக்கிய இவரது தொகுப்புகளில் திருநெல்வேலிக்கும் தாமிரபரணிக் கரைக் கோயில்களுக்கும் தனித் தொகுதி இல்லை.

பணி நிறுத்தம்

1859 இல் ஆளுநராகப் பொறுப்பேற்ற சர் சார்லசு டிரெவெலியன், நிதி நெருக்கடியில் ஒளிப்படம் ஆடம்பரச் செலவு என்று கருதி இப்பணியை நிறுத்துமாறு ஆணையிட்டார். 1860 இல் பணிக்கூடம் மூடப்பட்டது. டிரைப் படைப்பணிக்குத் திரும்பினார்; அதன்பின் மிகச் சில படங்களே எடுத்தார். ஓய்வுபெற்றுத் தாயகம் திரும்பி, தாம் பிறந்த டெவன்போர்ட்டிலேயே காலமானார். 2014 – 2015 ஆம் ஆண்டுகளில் இவரது படங்கள் வாசிங்டன், நியூயார்க், இலண்டன் அருங்காட்சியகங்களில் காட்சிக்கு வைக்கப்பட்டன.