வெற்றிடம் கண்ட வித்தகர்

காற்று நம் கண்ணுக்குப் புலனாவதில்லை. அதற்கு எடை உண்டு என்பதையும் நாம் எளிதில் உணர்வதில்லை. ஆயினும், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீதும் ஏறக்குறைய ஒரு கிலோகிராம் எடைக்கு நிகராக அஃது அழுத்திக்கொண்டே இருக்கிறது. எல்லாப் பக்கங்களிலும் ஒரே அளவாக அழுத்துவதால் அவ்வழுத்தம் நமக்குத் தோன்றுவதில்லை. ஒரு பக்கத்துக் காற்றை அகற்றிவிட்டால், மறுபக்கத்துக் காற்றின் ஆற்றல் உடனே வெளிப்படும். இவ்வுண்மையைக் கண்டோர் வியக்குமாறு மெய்ப்பித்துக் காட்டியவர் ஓட்டோ வான் கெரிக் என்னும் பேரறிஞர்.

கெரிக், ஜெர்மனி நாட்டில் எல்பி ஆற்றங்கரையில் அமைந்த மக்டிபர்க் நகரில் 1602ஆம் ஆண்டு பிறந்தார். அவர் குடும்பம் செல்வமும் செல்வாக்கும் உடையது. இளமையில் அவர் சட்டக் கல்வி பயின்றார். பின்னர் ஹாலந்து நாட்டின் லைடன் நகருக்குச் சென்று, கணிதமும் கோட்டை அமைக்கும் பொறியியலும் கற்றார். 1626ஆம் ஆண்டில் ஊர் திரும்பித் திருமணம் செய்துகொண்டு, நகரசபையில் உறுப்பினராய் அமர்ந்தார்.

அமைதியாய்த் தொடங்கிய அவருடைய வாழ்க்கையில் பேரிடி ஒன்று விழுந்தது. முப்பதாண்டுப் போர் ஜெர்மனியை அலைக்கழித்துக்கொண்டிருந்த காலம் அது. 1631ஆம் ஆண்டு மே மாதம், பேரரசின் படைகள் மக்டிபர்க் நகரின் மதிலைக் கடந்து உட்புகுந்தன. நகரம் கொள்ளையிடப்பட்டது, தீக்கு இரையாயிற்று. ஏறத்தாழ 20,000 மக்கள் மாண்டனர். கெரிக்கின் இல்லமும் சூறையாடப்பட்டது. அவரும் அவர் குடும்பத்தாரும் சிறைப்பட்டுப் பொருள் கொடுத்து மீட்கப்பட்டனர். உடைமை அனைத்தையும் இழந்தபோது அவருக்கு வயது இருபத்தெட்டு.

வேறொருவராயின் அச்சாம்பல் மேட்டை மறந்து வேற்றூரில் வாழ்வு தேடியிருப்பார். கெரிக் அவ்வாறு செய்யவில்லை. அடுத்த ஆண்டே திரும்பி வந்து, கற்ற பொறியியலை நகரை மீண்டும் எழுப்பும் பணிக்கு உரித்தாக்கினார். 1646ஆம் ஆண்டில் நகரத் தலைவர்களுள் ஒருவராய்த் தேர்ந்தெடுக்கப்பட்டு, முப்பதாண்டுகள் அப்பதவியில் இருந்தார். நகரின் உரிமைகளைக் காக்கும்பொருட்டு அரசவைகள் பலவற்றுக்குத் தூது சென்றார். இத்தனை அலுவல்களுக்கு இடையிலும் ஒரு வினா அவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை.

ஒன்றுமே இல்லாத வெறும் இடம் உலகில் இருத்தல் கூடுமா என்பதே அவ்வினா. பண்டைக் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், வெற்றிடம் என்பது இருக்க இயலாது என்று கருதினார். அவர் காலத்துக்குப் பின் பல நூற்றாண்டுகள், கற்றோர் பலர் அக்கருத்தையே வழிவழியாய்ப் போற்றி வந்தனர். ஆம் என்றும் அன்று என்றும் சொற்போர் நிகழ்ந்ததே ஒழிய, முடிவு கிட்டவில்லை. சொல்லால் தீராத வழக்கைச் செயலால் தீர்க்க வேண்டும் என்று கெரிக் துணிந்தார்.

முதலில் அவர் ஒரு மரப்பீப்பாயில் நீரை நிரப்பி, இடுக்குகளை நன்கு அடைத்தார். அதன் அடியில் பம்பு ஒன்றைப் பொருத்தி, வலிமை மிக்க ஆடவரைக்கொண்டு நீரை இழுத்து வெளியேற்றினார். நீர் வெளியேறிய இடம் வெறுமையாய் நிற்கும் என்று எதிர்பார்த்தார். ஆனால், நீர் கொதிப்பது போன்ற ஒலி பீப்பாயினுள் எழுந்தது. மரத்தின் நுண்துளைகள் வழியே காற்று உட்புகுந்துவிட்டது. அதன்பின், சிறு பீப்பாயைப் பெரிய பீப்பாய்க்குள் வைத்து, இடையிலும் நீர் நிரப்பி முயன்றார். அப்பொழுதும் கசிவு நிற்கவில்லை.

குற்றம் கருத்தில் இல்லை, கலத்தில்தான் இருக்கிறது என்பதை உணர்ந்த கெரிக், மரத்தை நீக்கிச் செம்பாலாகிய உருண்டைக் கலம் ஒன்றைச் செய்வித்தார். நீரின் துணையின்றிக் காற்றையே நேராக வெளியேற்றத் தொடங்கினார். காற்றுக் குறையக் குறைய உந்துதண்டை இழுப்பது கடினமாயிற்று. திடீரென்று பேரொலியுடன் அக்கலம், கையிற் கசக்கிய துணிபோல் நசுங்கிப்போயிற்று. அருகில் நின்றோர் நடுங்கினர். கெரிக்கோ அதன் காரணத்தை ஆராய்ந்தார். கலம் செம்மையான உருண்டை வடிவில் இல்லாததால் வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தாங்கவில்லை எனத் தெளிந்தார். பிழையற்ற உருண்டையாய் வேறொரு கலம் செய்வித்தார். அது நிலைத்து நின்றது. திறப்பைத் திருகியவுடன் வெளிக்காற்று பெருவிசையுடன் உள்ளே பாய்ந்தது. வெற்றிடத்தை மனிதனால் உண்டாக்க முடியும் என்பது புலனாயிற்று.

1654ஆம் ஆண்டு, ரீகன்ஸ்பர்க் நகரில் கூடிய பேரவைக்குக் கெரிக் தம் நகரின் தூதராய்ச் சென்றிருந்தார். அங்கே பேரரசர் மூன்றாம் பெர்டினாண்டு முன்னிலையில் தம் காற்றுப் பம்பின் ஆற்றலைக் காட்டினார். அவர் நகரைச் சுட்டெரித்த படைகள் ஒருகாலத்தில் எந்த அரசுக்கு ஊழியம் செய்தனவோ, அவ்வரசின் தலைவரே அவர் அறிவைக் கண்டு வியந்தார்.

அவருக்கு அழியாப் புகழ் தேடித்தந்த சோதனை 1657ஆம் ஆண்டு மக்டிபர்க் நகரில் நிகழ்ந்தது. ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரண்டு செம்பு அரைக்கோளங்களை அவர் செய்வித்தார். மெழுகும் டர்பன்டைன் தைலமும் ஊட்டிய தோல் வளையத்தை நடுவில் வைத்து, அவ்விரண்டையும் ஒன்றோடொன்று பொருத்தினார். ஆணியோ பூட்டோ எதுவும் இல்லை. உள்ளிருந்த காற்றை வெளியேற்றியபின், பக்கத்திற்கு எட்டாகப் பதினாறு குதிரைகளைப் பூட்டி இழுக்கச் செய்தார். குதிரைகள் திணறின, அரைக்கோளங்களைப் பிரிப்பது அவற்றிற்கு அரிதாயிற்று. திறப்பைத் திருகிக் காற்றை உள்ளே விட்டதும், அவை கையாலேயே எளிதில் பிரிந்தன.

இச்சோதனையின் உட்பொருளை நாம் நன்கு உணர்தல் வேண்டும். வெற்றிடம் அரைக்கோளங்களைப் பற்றி இழுக்கவில்லை. வெளிக்காற்றே அவற்றை ஒன்றோடொன்று சேர்த்து அழுத்தியது. உட்காற்று முழுவதும் நீங்கியிருப்பின், அவ்வழுத்தம் ஏறக்குறைய 2,000 கிலோகிராம் எடைக்கு நிகராகும்.

கெரிக் இத்துடன் அமையவில்லை. வெற்றிடத்தில் மணியோசை கேட்பதில்லை என்றும், விளக்கு எரிவதில்லை என்றும் கண்டார். தம் சோதனைகளையெல்லாம் தொகுத்து எழுதிய நூல் 1672ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதற்கு முன்பே, அவருடைய பம்பைப் பற்றிய செய்தி இங்கிலாந்திற்கு எட்டியது. ராபர்ட் பாயில், ராபர்ட் ஹுக்கின் துணையுடன் அதனினும் திருத்தமான பம்பை அமைத்துக் காற்றின் இயல்புகளை ஆராய்ந்தார்.

தம் நகருக்கு அவர் நாடிய தன்னுரிமை கைகூடவில்லை. 1666ஆம் ஆண்டில் மக்டிபர்க், பிராண்டன்பர்க் ஆட்சிக்கு அடங்க நேர்ந்தது. முதுமையில் ஹாம்பர்க் நகருக்குச் சென்று மகனுடன் வாழ்ந்த கெரிக், 1686ஆம் ஆண்டில் மறைந்தார்.

அவர் கண்ட உண்மை இன்றும் பயன் தருகிறது. தொழிற்சாலைகளில் கண்ணாடித் தகடுகளை உடையாமல் தூக்கும் இயந்திரக் கைகளும், போட்டிகளுக்கென மாணவர் அமைக்கும் ரோபோக்களும் ரப்பர் உறிஞ்சு கிண்ணங்களைத் தாங்கியுள்ளன. கிண்ணம் பொருளின்மீது படிந்ததும், சிறு பம்பு உட்காற்றை வெளியேற்றுகிறது. 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள கிண்ணத்தில் பாதிக் காற்று நீங்கினும், ஏறக்குறைய 40 கிலோகிராம் எடைக்கு நிகரான விசை பிறக்கும். அன்று தோல் வளையம் செய்த பணியை இன்று கிண்ணத்தின் மெல்லிய விளிம்பு செய்கிறது. சொரசொரப்பான பரப்பில் அவ்விளிம்பு சரிவரப் படியாவிடில், காற்று உட்புகும். பொருள் நழுவி விழும். மரப்பீப்பாய் கெரிக்குக்குக் கற்பித்த பாடமும் இதுவே.

பீப்பாய் கசிந்தபோதும் கலம் நசுங்கியபோதும் அவர் சோர்வடையவில்லை. ஒவ்வொரு தோல்வியிலும் அடுத்த முயற்சிக்குரிய குறிப்பைக் கண்டார். எரிந்த நகரை எழுப்ப முயன்ற அதே உறுதிதான், வெற்றிடத்தைத் தேடிய ஆராய்ச்சியிலும் அவருக்குத் துணை நின்றது.