ஈசோபநிஷத்தின் ஏடும் தந்தையின் உயிலும்

பொருளை ஈட்டுவது ஒரு கலை என்றால், ஈட்டிய பொருளை முறையாக விட்டுச் செல்வது அதனினும் அரிய கலை. வாழ்நாள் முழுவதும் உழைத்துச் சேர்த்த செல்வம், சேர்த்தவர் கண்மூடியபின் குடும்பத்தைக் காக்கவும் கூடும். கலகத்தில் ஆழ்த்தவும் கூடும். தந்தை எழுதி வைத்த ஆவணங்கள் ஒருபுறமும் தர்மம் மறுபுறமும் நின்றபோது, எந்தப் பக்கம் சாய்வது என்ற சோதனைக்கு உள்ளான ஓர் இல்லறத்தார் வங்காளத்தில் வாழ்ந்தார். அவரே மகாகவி ரவீந்திரநாதரின் தந்தையான மகரிஷி தேவேந்திரநாத தாகூர்.

செல்வத்தின் நடுவே

தேவேந்திரநாதர் 1817-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் கல்கத்தாவின் ஜோராசாங்கோ மாளிகையில் பிறந்தார். அவருடைய தந்தை துவாரகாநாதர் அக்காலத்தின் பெரும் வணிகர். 1834-இல் ஆங்கிலேயர்களோடு கூட்டுச் சேர்ந்து 'கார், தாகூர் அண்டு கம்பெனி' என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர். அவுரி, பட்டு, சர்க்கரை, நிலக்கரி, நீராவிப் படகு என்று அவர் கை வைக்காத தொழில் இல்லை. யூனியன் வங்கியை நிறுவியவர்களிலும் அவர் முக்கியமானவர். அவருடைய வாழ்க்கையின் ஆடம்பரத்தைக் கண்ட மக்கள் அவரை 'பிரின்ஸ்' என்றே அழைத்தனர்.

அத்தகைய வீட்டில் மூத்த மகனாக வளர்ந்த தேவேந்திரநாதரின் உள்ளத்தைத் திருப்பியது பாட்டியின் மரணம். உயிர் பிரியும் தறுவாயில் கங்கைக் கரைக்குக் கொண்டு செல்லப்பட்ட பாட்டியின் அருகே அவர் இரவில் அமர்ந்திருந்தார். அப்போது செல்வத்தின்மீது ஒரு வெறுப்பும், காரணம் தெரியாத ஓர் ஆனந்தமும் அவருள் ஒருங்கே எழுந்தன. அந்த ஆனந்தம் விரைவில் மறைந்தது. அதைத் தேடும் தவிப்பு மட்டும் எஞ்சியது.

இந்தத் தவிப்பின் நாட்களில், கிழிந்த ஏடு ஒன்று காற்றில் பறந்து வந்து அவர் கண்ணில் பட்டது. அது ஈசோபநிஷத்தின் முதல் மந்திரம் அடங்கிய பக்கம். ராமச்சந்திர வித்யாவாகீசர் அதன் பொருளை விளக்கினார். அசையும் உலகம் அனைத்தும் இறைவனால் நிறைந்தது, துறவு மனப்பான்மையோடு அனுபவிக்க வேண்டும், யாருடைய செல்வத்திற்கும் ஆசைப்படலாகாது என்பதே அதன் கருத்து. தாகத்தால் தவித்தவருக்குத் தண்ணீர் கிடைத்ததுபோல் ஆயிற்று. 1839-இல் அவர் தத்துவபோதினி சபையைத் தொடங்கினார். 1843-இல் பிரம்ம சமாஜத்தில் முறைப்படி இணைந்தார்.

தந்தையின் முன்யோசனை

துவாரகாநாதர் தொலைநோக்கு உடையவர். வணிகம் என்பது ஏற்றமும் இறக்கமும் உடையது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். தம் தொழில் என்றாவது சரிந்தாலும் பிள்ளைகள் பசியால் வாடக்கூடாது என்று எண்ணி, 1840-இல் அறக்கட்டளைப் பத்திரம் ஒன்றை எழுதினார். பரம்பரையாக வந்த விராகிம்பூர், விலைக்கு வாங்கிய ஷாஜாத்பூர் முதலிய ஜமீன்கள் அதன்மூலம் அறங்காவலர்களின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டன. அவற்றின் பயன் மகன்களைச் சேரும். நிறுவனத்திற்குக் கடன் கொடுத்தோர் அவற்றைத் தொட முடியாது.

பின்னர் 1843-இல் அவர் உயிலும் எழுதினார். பூர்வீக வீடு மூத்தவருக்கும், அருகிலிருந்த விருந்தினர் மாளிகை இரண்டாமவரான கிரீந்திரநாதருக்கும் எழுதப்பட்டன. இளையவரான நகேந்திரநாதருக்கு வீடு கட்டிக்கொள்ள நிலமும் 20,000 ரூபாயும் ஒதுக்கப்பட்டன. நிறுவனத்தில் தமக்கு இருந்த பாதிப் பங்கு முழுவதையும் தேவேந்திரநாதருக்கே எழுதி வைத்தார்.

அறக்கட்டளைப் பத்திரத்திற்கும் உயிலுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே கவனிக்க வேண்டும். அறக்கட்டளைப் பத்திரம் எழுதியவர் உயிரோடிருக்கும்போதே நடைமுறைக்கு வருகிறது. சொத்து அப்போதே அவர் கையைவிட்டு நீங்குகிறது. உயிலோ எழுதியவரின் மறைவுக்குப் பின்னரே உயிர் பெறுகிறது. அதுவரை அதை அவர் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். துவாரகாநாதர் இரண்டையும் அறிந்து, இரண்டையும் பயன்படுத்தினார்.

1846 ஆகஸ்டு 1-ஆம் நாள் துவாரகாநாதர் லண்டனில் காலமானார். மனைவி மக்களோடு கங்கையில் படகில் சென்றுகொண்டிருந்த தேவேந்திரநாதருக்குச் செய்தி வந்து சேர்ந்தது. உயிலின்படி நிறுவனத்தின் பங்கு அவர் ஒருவருக்கே உரியது. ஆயினும் அவர் அதைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் தம்பியர் இருவரோடும் சமமாகப் பகிர்ந்துகொண்டார்.

சோதனையின் நாள்

வணிகத்தில் நெருக்கடி தொடர்ந்து வந்தது. 1847-48-இல் கல்கத்தாவின் பெரிய நிறுவனங்கள் பல ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. யூனியன் வங்கி சரிந்தது. வந்து நின்ற உண்டியல் ஒன்றுக்குப் பணம் கொடுக்க இயலாமல் கார், தாகூர் நிறுவனமும் கதவை மூடியது. மொத்தக் கடன் ஒரு கோடி ரூபாய். வர வேண்டிய பாக்கி 70 லட்சம். 30 லட்சம் துண்டு விழுந்தது.

கடன் கொடுத்தோர் கூட்டம் கூட்டப்பட்டது. நிறுவனத்தின் ஆங்கிலேய அலுவலர் கணக்கை எடுத்துரைத்தார். பங்குதாரர்களின் சொத்துகள் அனைத்தும் கடனுக்கு ஒப்படைக்கப்படும் என்றும், ஆனால் அறக்கட்டளையில் உள்ள ஜமீன்கள்மீது யாரும் உரிமை கோர இயலாது என்றும் விளக்கினார். சட்டம் அதுதான்.

தேவேந்திரநாதருக்கு அப்போது வயது 30. வீட்டில் மனைவி சாரதா தேவி; சிறு குழந்தைகள். அவர் வாய் திறவாமல் இருந்திருந்தால் போதும். அந்த ஜமீன்கள் பத்திரமாக இருந்திருக்கும். யாரும் அவரைக் குறை கூறியிருக்கவும் முடியாது. பிள்ளைகளுக்கென்று தந்தை பார்த்துப் பார்த்துச் செய்த ஏற்பாட்டைக் காப்பதும் ஒரு மகனின் கடமையே அல்லவா? ஆனால் அந்தக் கூடத்தில் அமர்ந்திருந்தவர்களின் பணத்தைத் திருப்பித் தராமல், சட்டத்தின் நிழலில் ஒதுங்கிச் சுகமாக வாழ்வதும் பிறர் பொருளுக்கு ஆசைப்படுவதே என்று அவருக்குத் தோன்றியது. பறந்து வந்த ஏட்டின் உபதேசம் இப்போது வாழ்க்கையாக மாற வேண்டிய வேளை வந்துவிட்டது.

அவர் தம்பி கிரீந்திரநாதரோடு கலந்து பேசினார். பின்னர், அறக்கட்டளைச் சொத்துகளையும் கடனுக்காக ஒப்படைப்பதாக இருவரும் அறிவித்தனர். கூட்டம் திகைத்தது. சிலருடைய கண்களில் நீர் துளிர்த்தது. எதையும் இழக்கத் தேவையில்லாத இளைஞர்கள் எல்லாவற்றையும் தர முன்வருவதைக் கண்டு, கேட்க வந்தவர்களே இரங்கினர். சொத்தை ஏலம் போட்டுச் சிதறடிக்காமல், வருமானத்தைக் கொண்டு கடனைத் தீர்த்துக்கொள்ள இசைந்தனர். குடும்பச் செலவுக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாயும் ஒதுக்கினர். காலப்போக்கில் நிர்வாகமே அவர்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது.

மாளிகையின் ஆடம்பரம் மறைந்தது. பணியாட்கள் குறைக்கப்பட்டனர், வண்டிகளும் குதிரைகளும் விற்கப்பட்டன, உணவும் எளிமையாயிற்று. தேவேந்திரநாதருக்கு இது துயரமாகத் தோன்றவில்லை. விரும்பிய துறவு வீடு தேடி வந்ததாகவே கருதினார். 1854-இல் கிரீந்திரநாதர் காலமானபின் கடனின் முழுச் சுமையும் அவர் தோள்மீது விழுந்தது. கடன் கொடுத்தோர் சிலர் நீதிமன்றத்தையும் நாடினர். ஆயினும் பல ஆண்டுகள் பொறுமையோடு உழைத்து அவர் கடனைத் தீர்த்தார். தந்தை ஓர் அறநிலையத்திற்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக வாக்களித்திருந்தார். அந்த வாக்கையும் கடனாகவே கருதி, வட்டியோடு செலுத்தினார்.

ஜமீன்கள் அழியவில்லை. விராகிம்பூர் ஜமீனின் தலைமையிடமான ஷிலைதாஹாவில்தான் பிற்காலத்தில் ரவீந்திரநாதர் ஆண்டுகள் பல தங்கி, பத்மா நதிக்கரையில் இலக்கியம் படைத்தார். விட்டுக்கொடுத்த சொத்து நற்பெயரோடு திரும்பி வந்தது.

அவர் எழுதிய பத்திரம்

1863-இல் போல்பூருக்கு அருகே வெட்டவெளியில் இரண்டு ஏழிலைப்பாலை மரங்கள் நின்ற இடம் தேவேந்திரநாதரின் மனத்தைக் கவர்ந்தது. ராய்ப்பூர் ஜமீன்தார்களிடமிருந்து ஏறத்தாழ 20 பீகா நிலத்தை நிரந்தரக் குத்தகைக்குப் பெற்றுத் தியானத்திற்கான இல்லம் ஒன்று அமைத்தார். அதுவே சாந்திநிகேதன்.

தமக்குப்பின் அது யாருடைய தனிச்சொத்தாகவும் ஆகிவிடக்கூடாது என்று அவர் எண்ணினார். முதுமை முற்றும்வரை காத்திராமல், 1888 மார்ச் 8-ஆம் நாள் அறக்கட்டளைப் பத்திரம் எழுதி 3 அறங்காவலர்களிடம் ஒப்படைத்தார். எந்தச் சாதியினரும் எந்தச் சமயத்தினரும் அங்கு வந்து உருவமற்ற ஒரே இறைவனைத் தியானிக்கலாம். எந்தச் சமயத்தையும் நிந்திக்கலாகாது. புலாலும் மதுவும் கூடா. ஆண்டுதோறும் ஒரு மேளா நடத்த வேண்டும். பள்ளியும் நூலகமும் அமைக்கலாம் என்று நோக்கங்களைத் தெளிவாக வரையறுத்தார். பராமரிப்புக்கான வருவாய்க்கும் வழி செய்தார். இடம், நோக்கம், பொறுப்பாளர், வருவாய் ஆகிய நான்கும் அந்தப் பத்திரத்தில் ஒருங்கே அமைந்தன.

அந்த அடித்தளத்தின்மீதுதான் 1901-இல் ரவீந்திரநாதர் 5 மாணவர்களோடு பள்ளியைத் தொடங்கினார். 1921-இல் அது விசுவபாரதியாக மலர்ந்தது. 2023-இல் சாந்திநிகேதன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. மகரிஷி 1905 ஜனவரி 19-ஆம் நாள் ஜோராசாங்கோ இல்லத்தில் உடல் நீத்தார்.

இல்லறத்தார்க்கு

நம்மில் பலர் உயில் எழுதுவதை அமங்கலமாகக் கருதி ஒத்திப்போடுகிறோம். உண்மையில் அது இல்லறத்தாரின் கடமைகளுள் ஒன்று. இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன்படி, 18 வயது நிரம்பிய, தெளிந்த மனநிலை உடைய எவரும் உயில் எழுதலாம். முஸ்லிம்களுக்கு மட்டும் தனிச் சட்டம் உண்டு. வெள்ளைத்தாளே போதும்; முத்திரைத்தாள் தேவையில்லை. எழுதியவர் கையொப்பமிட வேண்டும். குறைந்தது 2 சாட்சிகள் அதைக் கண்டு, அவர் முன்னிலையில் தாங்களும் கையொப்பமிட வேண்டும். பயன்பெறுவோரைச் சாட்சியாக வைக்காதிருப்பது நல்லது. பதிவு செய்வது கட்டாயமன்று. ஆனால் பின்னாளில் எழும் ஐயங்களுக்கு அது நல்ல பாதுகாப்பு. பல உயில்கள் இருப்பின் முறையாக எழுதப்பட்ட கடைசி உயிலே செல்லும். வங்கிக் கணக்கில் நியமனதாரராகப் பெயர் கொடுக்கப்பட்டவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உடையவர். அதனாலேயே அவர் அதன் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. ஆகவே நியமனம் செய்தாயிற்று என்று உயிலை விட்டுவிடக்கூடாது.

இன்னொன்றும் உண்டு. இறந்தவரின் கடன்களைத் தீர்த்தபின்னரே சொத்து உயிலின்படி பங்கிடப்பட வேண்டும் என்பதே சட்டம். எனவே உயில் எழுத அமரும்போது, யாருக்கு எதைக் கொடுப்பது என்பதற்கு முன்பாக, யாருக்கு நாம் என்ன தர வேண்டியிருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதுவோம். கைமாற்றாகப் பெற்ற சிறு தொகை, எழுத்தில் இல்லாத வாக்குறுதி, கோவிலுக்கோ பள்ளிக்கோ தருவதாகச் சொன்ன நன்கொடை ஆகிய அனைத்தும் அதில் இடம்பெறட்டும். இயன்றவற்றை உயிரோடிருக்கும்போதே தீர்த்துவிடுவோம். எஞ்சுவது சிறிதாயினும், நம் பிள்ளைகள் தலைநிமிர்ந்து பெற்றுக்கொள்ளும் செல்வம் அதுவே.