கிறிஸ்டியன் டாப்ளர்

கிறிஸ்டியன் ஆண்டிரியாஸ் டாப்ளர் (நவம்பர் 29, 1803 - மார்ச் 17, 1853) ஆஸ்திரிய நாட்டுக் கணிதவியலாளரும் இயற்பியலாளரும் ஆவார். சில நூல்களில் இவர் பெயர் யோகான் கிறிஸ்டியன் என்று காணப்படுவது பிழையாகும். அலையின் மூலமோ அதனை உணர்பவரோ நகரும்போது அலையின் அதிர்வெண் மாறித் தோன்றும் என இவர் கூறியது டாப்ளர் விளைவு எனப்படுகிறது. விண்மீன்களுக்காக எண்ணப்பட்ட இவ்விளைவு, அரிவாள் செல் இரத்தசோகையுள்ள சிறுவர்களுள் எவருக்குப் பக்கவாத இடர் மிகுதி என்பதை முன்கூட்டியே அறியவும் பயன்படுகிறது.

வாழ்க்கை

சால்ஸ்பூர்க் நகரில் கல்தச்சர் குடும்பத்தில் பிறந்தார். உடல்வலிமை குன்றியிருந்தமையால் குலத்தொழிலை விட்டுக் கல்வியில் ஈடுபட்டார். வியன்னாவில் பயின்றபின் நிலையான பணி கிடைக்காமல் பஞ்சாலை ஒன்றில் கணக்கு எழுதியும் வாழ்ந்தார். 1835 இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர எண்ணி உடைமைகளை விற்ற வேளையில் பிராகாவில் ஆசிரியப் பணி கிடைத்தது. 1847 இல் செம்னிட்சு சுரங்கக் கல்விக்கழகத்தில் பேராசிரியரானார். 1850 இல் வியன்னாப் பல்கலைக்கழக இயற்பியல் நிறுவனத்தின் முதல் இயக்குநரானார். மரபியலின் முன்னோடி கிரிகோர் மெண்டல் அங்கு இவரிடம் பயின்றவர். நுரையீரல் நோயால் வெனிசில் காலமானார்.

டாப்ளர் விளைவு

மே 25, 1842 அன்று பிராகாவில் இரட்டை விண்மீன்களின் நிறம் பற்றிய ஆய்வுரையை வாசித்தார். விண்மீன்களின் நிறவேறுபாட்டுக்கு அவற்றின் இயக்கமே காரணம் என்றார். இது தவறு, நிறத்தை முதன்மையாக நிர்ணயிப்பது வெப்பநிலையே. எனினும் அடிப்படைக் கொள்கை சரியானது. 1845 இல் ஒல்லாந்து அறிவியலாளர் பைசு பலோட், ஓடும் தொடர்வண்டியில் ஊதுகொம்பு இசைப்போரை அமர்த்தி, ஒலியில் இவ்விளைவை உறுதி செய்தார். விண்மீன் நிறம் பற்றிய கருத்தை அவரும் ஏற்கவில்லை. 1852 இல் கணிதவியலாளர் பெட்சுவால் கொள்கையையே மறுத்தார். இந்த விவாதம் தீருமுன் டாப்ளர் இறந்தார்.

மருத்துவத்தில்

அரிவாள் செல் நோயில் மூளைக்குச் செல்லும் பெருந்தமனிகள் சிறுவயதிலேயே குறுகக்கூடும். குறுகிய இடத்தில் குருதி விரைந்து பாய்கிறது. நெற்றிப்பொட்டின் மெல்லிய எலும்பின் வழியே செலுத்தப்படும் மீயொலி, ஓடும் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்புகையில் அதன் அதிர்வெண் மாறுகிறது. அம்மாற்றத்திலிருந்து பாய்வின் வேகம் கணிக்கப்படுகிறது. 2 மெகாஹெர்ட்ஸ் மீயொலியில் இம்மாற்றம் செவிக்குக் கேட்கும் எல்லைக்குள்ளேயே அமைவதால், குருதியோட்டத்தை ஒலிபெருக்கியில் கேட்கவும் முடியும். ஊசியோ மயக்கமருந்தோ தேவையில்லை.

மண்டையோட்டின் வழியே இவ்வாறு அளக்கும் முறையை ரூனே ஆசுலித் குழுவினர் 1982 இல் வெளியிட்டனர். அமெரிக்க நரம்பியல் மருத்துவர் இராபர்ட் ஆடம்சு, வேகம் மிகுந்த சிறுவர்களுக்கே பக்கவாதம் மிகுதியாக வருவதை 1992 இல் காட்டினார். 1998 இல் வெளியான ஆய்வில், சராசரி வேகம் நொடிக்கு 200 செ.மீ. அல்லது அதற்கு மேலிருந்த, 2 முதல் 16 வயது வரையிலான 130 சிறுவர்கள் சேர்க்கப்பட்டனர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களுள் 11 பேருக்குப் பக்கவாதம் ஏற்பட்டது. தொடர்ந்து குருதி ஏற்றப்பட்டவர்களுள் ஒருவருக்கே ஏற்பட்டது. இதனால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டு, குருதியேற்றும் வாய்ப்பு மற்றவர்களுக்கும் அளிக்கப்பட்டது.

ஆண்டுக்கு ஒருமுறை இச்சோதனை செய்யுமாறு பின்னர் வழிகாட்டு நெறிகள் பரிந்துரைத்தன. குருதியேற்றுவதை நிறுத்தினால் இடர் மீள்வது 2005 இல் தெரியவந்தது. தமனிகள் பெரிதும் பழுதடையாத சிறுவர்களுக்கு, குறைந்தது ஓராண்டு குருதி ஏற்றியபின் ஐதராக்சியூரியா மருந்துக்கு மாறலாம் என 2016 ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.